பன்னிரண்டாவது அடுப்பு

அங்கம்மாவின் அடுப்பு பார்வைக்குப் பெரிய அடுப்பு ஒன்றும் இல்லை. மூன்று கல், மேலே புற்றுமண் பூச்சு, வாரத்துக்கு ஒருமுறை சாணி மெழுக்கு. தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான மேட்டு லயத்தில், ஒன்பதாம் காம்பரா அறையின் முன்பக்கத்து இஸ்தோப்புத் தாழ்வாரத்தில், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அது இருந்தது. பதினோரு வருஷமாக எரிகிற அடுப்பு. அப்படியோர் அடுப்பே இல்லை என்று ஒரு மனுஷன் கடுதாசியில் எழுதிவிட்டால், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாளா? அங்கம்மாவா? நல்ல கதை!

வத்தேகமவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் அடுப்பு என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாண வெற்றிலை வைக்க வருகிறவன் காம்பராவை எண்ண மாட்டான், அடுப்பை எண்ணுவான். அண்ணன் தம்பி பிரிந்தால் "அடுப்பு பிரிஞ்சிருச்சு" என்பார்கள். சொத்தா பத்தா, பிரிப்பதற்கு வேறென்ன இருக்கிறது? ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே பீலித் தண்ணீர். ஆனால் உலை தனி என்றால் ஆள் தனி. மாரியம்மன் திருவிழாவுக்குப் பிடி அரிசி கேட்டு வருகிறவர்களும் அடுப்புக்கு ஒரு பிடி என்றுதான் கேட்பார்கள். அந்தப் பிடியை அங்கம்மா பதினோரு வருஷமும் தவறாமல், குவித்துத்தான் போட்டாள்.

அவள் புருஷன் மாத்தளையில் இன்னொருத்தியோடு குடித்தனம் போனபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அழுது முடிந்ததும் தம்பி லெட்சுமணனின் காம்பராவுக்குத் திரும்பி வந்தாள். மூன்றே மாதம். தம்பி பெண்சாதி அழகம்மா ஒருநாள் அகப்பையைப் பானைமேல் தட்டி, "எத்தன வாய்க்குத்தான் நான் ஆக்குறது?" என்றாள். அங்கம்மா எழும்பி வெளியே போனாள். பங்களா ரோட்டுக்குக் கொட்டியிருந்த கல்லில் மூன்றைப் பொறுக்கிக் கொழுந்துக் கூடையில் போட்டுத் தூக்கிவந்தாள். அன்று சாயந்தரமே இஸ்தோப்பில் புகை கிளம்பியது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலை மிலாறுச் சுள்ளி சுமந்து வந்து, தன் சம்பளத்தில் தன் அரிசியைத் தானே பொங்கித் தின்றாள். வேடிக்கை என்னவென்றால் அதற்குப் பிறகுதான் நாத்தியும் மதினியும் சிநேகிதமானார்கள். இரண்டு அடுப்பு இருந்ததால்தான் ஒரு கூரையின் கீழ் அவர்களால் சிரித்துப் பேச முடிந்தது.

இப்படி இருக்கையில்தான் மண் சரிந்தது. போன வருஷ மழையில் லயத்துக்குப் பின்னால் மலை பிளந்து, கோழிக்கூடு ஒன்றும் பாதிக் கக்கூசும் போயின. வத்தேகம அரசாங்க ஆபிசிலிருந்து வந்தவர்கள் பத்துக் காம்பராச் சுவரிலும் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். இங்கே இருக்கக் கூடாது, கீழே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டித் தருகிறோம், குடும்பத்துக்கு ஒன்று என்றார்கள். காம்பரா பத்து. நாலாம் காம்பராவில் அண்ணன் தம்பி இரண்டு அடுப்பு, ஒன்பதில் லெட்சுமணனும் அங்கம்மாவும் இரண்டு அடுப்பு. ஆகப் பன்னிரண்டு. வரப்போகிற வீடும் சொல்லிவைத்ததுபோலப் பன்னிரண்டு. இதைவிட நேரான கணக்கு உலகத்தில் உண்டா?

நேரான கணக்கைக் கோணலாக்கத்தான் கமிட்டி என்று ஒன்று இருக்கிறதே! கமிட்டித் தலைவர் செல்லச்சாமி, முதலாம் காம்பரா. கெட்ட மனுஷன் என்று சொல்லிவிட முடியாது. துரையிடம் நின்று பேசுவார், ஆஸ்பத்திரிக்கு லொறி பிடித்துத் தருவார். ஆனால் அவருக்கு ஒரு மகன். ராஜலிங்கம் என்று பேர். கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கடையில் வேலை, அங்கேயே வாடகைக்கு அறை எடுத்துப் புதுப் பெண்சாதியோடு இருந்தான். தோட்டத்தில் அவன் கடைசியாக எப்போது பல் விளக்கினான் என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது. அந்த மகனுக்கும் ஒரு வீடு வேண்டும் என்று செல்லச்சாமிக்கு ஆசை வந்தது. ஒருநாள் பஸ்ஸில் ஒரு காஸ் அடுப்பு வந்து இறங்கியது. முதலாம் காம்பரா இஸ்தோப்பில் பலகைமேல் உட்கார்ந்தது. ஒட்டியிருந்த கடைத் தாளைக்கூடக் கிழிக்கவில்லை. சிலிண்டரா? அது பிறகு வருமாம்.

கணக்கெடுக்க வந்த ஆபிஸ் பெண் அனீஸா மடவளைக்காரி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அங்கம்மா கொழுந்து மலையில் நின்ற நேரம் பார்த்துச் செல்லச்சாமி அவளைக் கூட்டிக்கொண்டு லயத்தைச் சுற்றினார். காஸ் அடுப்பைக் காட்டினார். ஒன்பதாம் காம்பராவின் சாக்குப் படுதாவை விலக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராச் சுவரில் டைப் அடித்த பட்டியல் ஒட்டப்பட்டது. அங்கம்மா விரல் வைத்து வாசித்தாள். ஐந்தாவது அடுப்பு நாலாம் காம்பராத் தம்பி. பத்தாவது லெட்சுமணன், குடும்பத்தில் ஐந்து பேர். அந்த ஐந்தில் கடைசிப் பேர் அங்கம்மா, "சேர்ந்து வாழும் சகோதரி." பன்னிரண்டாவது இடத்தில் ராஜலிங்கம்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே நடந்து முதலாம் காம்பரா வாசலில் போய் நின்றாள்.

"தலைவரே, என் அடுப்பு எங்க போச்சு?"

செல்லச்சாமி முகம் மழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. "அது ஒண்ணும் போகலம்மா. தம்பியோடதானே இருக்கே? அவனுக்கு வீடு வருது, நீயும் போய் இரு."

"இருக்கேன், இல்லைங்கல. ஆனா பொங்கித் திங்கிறது தனி. இது ஒங்களுக்குத் தெரியாதா?"

"மூணு கல்ல வச்சா அடுப்பாயிருமா? அடுப்புன்னா குடும்பம். புருசன் வேணும், புள்ள குட்டி வேணும். ஒத்தப் பொம்பளைக்கெல்லாம் தனி வீடுன்னு நான் போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஆபிசுல கேக்குறது?"

"பிடி அரிசிக்கு வந்தப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்களோ அதே மூஞ்சி போதும்!"

இஸ்தோப்பு மூலையில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா சின்னமுத்து, "என்னாடா சொல்லுது?" என்று கத்தினார். கிழவருக்கு எண்பத்து நாலு வயது, காது சுத்தமாக அடைப்பு. தினமும் விடியுமுன் குச்சியை ஊன்றிக்கொண்டு ஒன்பதாம் காம்பராவுக்கு வந்து, "அடுப்பு எரியுதா ஆத்தா?" என்று கேட்டு பாலில்லாத் தேயிலைச் சாயத்தண்ணி ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகிறவர். மருமகள் எழும்ப நேரமாகும், அங்கம்மாவின் அடுப்புதான் லயத்தில் முதலில் எரியும். மகன் மழித்துக்கொண்டே இருந்தார். அங்கம்மா வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். என்னவென்று கத்திச் சொல்வது?

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அவள் வத்தேகம ஆபிசுக்குப் போனாள். அனீஸா கதிரை காட்டி உட்காரச் சொன்னாள். கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து வாசித்தும் காட்டினாள். ஒரே இடத்தில் சமைத்துச் சேர்ந்து உண்பவர்கள் ஒரு குடும்பம். தனியாகச் சமைத்து உண்பவர் ஒருவரே ஆனாலும் அவர் தனிக் குடும்பம்.

"இதத்தானே புள்ள நானும் சொல்றேன்! அந்தத் தாளுக்குத் தெரிஞ்சது அந்த மனுசனுக்குத் தெரியலியே."

அனீஸாவின் முகம் வாடியது. "எனக்கு வெளங்குது அக்கா. ஆனா கமிட்டித் தலைவர் ஒரே அடுப்புண்டு சொல்லிக் கையெழுத்து வச்சிட்டாரு. அவர்ட வாயால தனி அடுப்புண்டு ஒரு சொல்லு வந்தாத்தான் நான் மாத்தலாம். இல்லாட்டி என்னால ஏலா. மாசக் கடைசியில பட்டியல் கண்டிக்குப் போயிடும்."

"அப்ப அந்த வாயத் தொறக்க வைக்கணும்."

"ஓ" என்றாள் அனீஸா. சிரிக்கவா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரவு லெட்சுமணன் தரையைப் பார்த்தபடி, "எங்களோடவே இருந்துட்டுப் போயேன் அக்கா" என்றான். நல்லவன்தான், முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் குறைச்சல். அழகம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "புது வீட்டுல குசினி ஒண்ணுதான். ஒரு குசினிக்குள்ள என்னையும் மதினியையும் போட்டுப் பூட்டிட்டு நீ நிம்மதியாப் படுத்துருவியா? மதினி, நீங்க விடாதீங்க. மறுபடி போய் இன்னொரு சத்தம் போடுங்க."

அங்கம்மா விடுகிற எண்ணத்தில் இல்லை. தன் அடுப்பை விட்டுக்கொடுத்தால் மறுபடியும் யாரோ அகப்பையைத் தட்டும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் போட வேளை வரவில்லை. திங்கட்கிழமை சாயந்தரம் முதலாம் காம்பரா இஸ்தோப்பு மூலையில் சின்னமுத்துக் கிழவர் சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். சாய்ந்தவர் எழும்பவில்லை.

அங்கம்மா அழுதாள். யாருடைய அப்பன் என்று பார்த்தா அழுகை வரும்? விடிகாலையில் குச்சிச் சத்தம் கேட்காதபோதும் அவள் இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலையில் கிழவரை அடக்கம் செய்தார்கள்.

மேட்டு லயத்தில் ஒரு முறை உண்டு. சாவு விழுந்த காம்பராவில் கருமாதி வரைக்கும் அடுப்பு மூட்டுவதில்லை. மற்ற அடுப்புகள் வேளைக்கு ஒன்றாக அந்த வீட்டுக்குச் சோறும் கறியும் ஆக்கிக் கொடுக்க வேண்டும். கொண்டுவருகிறவள் பானையை வாசற்படியில் இறக்கி வைப்பாள். செத்தவரின் மகன் வெளியே வந்து, "இன்னார் அடுப்புச் சோறு வந்திருச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கருமாதி வரைக்கும் செத்தவர் வாசலில்தான் நிற்கிறாராம். தன் பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் போவாராம். பேர் சொல்லாத சோறு படியைத் தாண்டாது. எந்த அடுப்பும் இந்த முறையைத் தப்பியதில்லை, அங்கம்மாவும்தான்.

முறை எழுதுகிற வேலை கமிட்டிச் செயலாளர் செல்லப்பாவுடையது. அந்த மனுஷனுக்குச் சோம்பலும் பயமும் சம பங்கு. லயத்தைச் சுற்றிவந்து அடுப்பு எண்ணுவானா? பிள்ளைக் காம்பராச் சுவரில்தான் டைப் அடித்த பட்டியல் இருக்கிறதே! தலைவர் கையெழுத்து வைத்த பட்டியலுக்கு மாறாக வேறொன்று எழுதினால் வம்பு வேறு. முதலாவது பேர் சாவு வீடு, அதை விட்டுவிட்டு மீதிப் பதினொன்றையும் அப்படியே வரிசையாகக் காப்பி பண்ணினான். செவ்வாய் மத்தியானம் தொடங்கி ஞாயிறு மத்தியானத்தோடு முறை முடிகிறது, அன்று இரவுச் சோறு உறவுக்காரர்கள் பொறுப்பு, திங்கட்கிழமை எட்டாம் நாள் கருமாதி. கனகச்சிதம்! ஒன்பதாம் காம்பராவுக்கு வந்து லெட்சுமணனிடம் நாளைச் சொன்னான். அங்கம்மாவின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை.

"எனக்கு எந்த வேள?" என்றாள் அவள்.

"ஒங்களுக்கு... இந்தத் தடவ இல்லங்க. ரெஸ்ட் எடுங்களேன்."

"ரெஸ்ட்டா! ஆத்தாடி, என்னா கரிசனம்!" அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி விரல் வைத்து வாசித்தாள். கடைசிப் பேர்வரை வாசித்தாள். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஐந்து நாளும் அவள் வாயைத் திறக்கவில்லை. அங்கம்மா வாயை மூடிக்கொண்டிருந்தது லயத்துக்கே அதிசயமாக இருந்தது. அழகம்மா பயந்துபோய்ச் சாமிக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தாள்.

ஒவ்வோர் அடுப்பாகச் சோறு போனது. சனிக்கிழமை மத்தியானம் லெட்சுமணன் முறை. அழகம்மா ஆக்கிக் கொண்டுபோனாள், செல்லச்சாமி மொட்டைத் தலையோடு வெளியே வந்து, "லெட்சுமணன் அடுப்புச் சோறு வந்திருச்சு" என்றார். இரவு பத்தாம் காம்பரா நல்லம்மா. பத்து அடுப்பு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள். விடியற்காலையிலேயே அங்கம்மா குளித்துவிட்டு வந்து அடுப்பு மெழுகினாள். மிலாறை ஒடித்து வைத்துப் பற்றவைத்தாள். பெரிய பானையை அழகம்மாவிடம் இரவல் வாங்கினாள். நாற்பது பேருக்குச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, புளி ரசம். வெயிலும் நெருப்பும் சேர்ந்து அவளை வறுத்தெடுத்தன.

"இன்னிக்கு யாரு முறைன்னு தெரியுமா மதினி?" என்று கேட்டாள் அழகம்மா.

"தெரியும். அதனாலதான் ஆக்குறேன்."

அழகம்மா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஐயோ சாமி!" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

முதலாம் காம்பரா வாசலில் தார்ப்பாய்ப் படங்கு கட்டி உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதுளையிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் வந்த சனம். துக்கம் விசாரிக்கத் தோட்டத்து நலன்புரி ஐயா வந்திருந்தார். அவரோடு மடவளையிலிருந்து அனீஸாவும், அப்போதுதான் செய்தி தெரிந்ததாம். பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணி ஆனது. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. சோற்றைக் காணோம்.

"யாருப்பா இன்னிக்கு முறை?" என்று பதுளைக்கார மாமன் உரக்கக் கேட்டார்.

செல்லப்பா தாளை விரித்தான். விரித்தவன் முகம் வெளுத்தது. மறுபடி பார்த்தான். மறுபடி பார்த்தால் எழுத்து மாறுமா?

"வாசியேன்யா! வாயில என்னா கொழுக்கட்டையா?"

"பதினொண்ணாவது... ராஜலிங்கம் அடுப்பு."

எல்லாத் தலைகளும் திரும்பின. இஸ்தோப்பில், பலகையின்மேல், கடைத் தாள் ஒட்டியபடி பளபளவென்று உட்கார்ந்திருந்தது காஸ் அடுப்பு. ராஜலிங்கம் அடக்கம் முடிந்த மறுநாளே கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விட்டான், கருமாதிக்குத்தான் வருவான். பதுளை மாமனுக்குச் சங்கதி புரியவில்லை. "பேரன் எப்படிய்யா சோறு ஆக்குவான்? அதுவும் சாவு வீடுதானே? அவனுக்கு இங்க ஏது அடுப்பு?" என்றார் வெள்ளந்தியாக. அனீஸா காஸ் அடுப்பைப் பார்த்தாள், பிறகு பட்டியல் கிடந்த தன் கைப்பையைப் பார்த்தாள். செல்லச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து மொட்டைத் தலையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வியர்த்தது.

அந்த நேரம்தான் அங்கம்மா வந்தாள். தலையில் சோற்றுப் பானை. பின்னால் கறிச் சட்டியோடு அழகம்மா, ரசத்தோடு லெட்சுமணன். அவனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் முதுகெலும்பு முளைத்திருந்தது. வாசற்படியில் பானையை இறக்கி வைத்துவிட்டு அங்கம்மா நிமிர்ந்து நின்றாள்.

வாசனை பரவியது. ஒரு பிள்ளை "சோறு!" என்று கத்தியது. செல்லச்சாமி எழும்பி வந்தார். அவருக்கு எப்படியாவது இது முடிந்தால் போதும் என்று இருந்தது.

"லெட்சுமணன் அடுப்புச் சோறு..." என்று ஆரம்பித்தார்.

"அது நேத்தே வந்திருச்சு தலைவரே. ஒங்க வாயாலதான் சொன்னீங்க. ஒரு அடுப்பு ரெண்டு தடவ குடுக்குற வழக்கம் நம்ம லயத்துல இல்ல."

"சரி, சோத்த உள்ள எடு. பிள்ளைகள் பசியில கெடக்குது. சாவு வீட்டுல வந்து எதுக்கு இப்ப..."

"பேர் சொல்லுங்க, எடுக்குறேன்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "விடியக் காலைல வந்து 'அடுப்பு எரியுதா ஆத்தா'ன்னு கேட்ட மனுசன் இங்க நிக்கிறாரு. அவருக்குத் தெரிஞ்ச அடுப்பு. ஒங்களுக்கு மட்டும் ஏன் தெரியல? மூணு கல்லுதான். அந்த மூணு கல்லுலதான் இந்தச் சோறு வெந்துச்சு. சொல்லுங்க, யாரு அடுப்பு?"

செல்லச்சாமி பானையைப் பார்த்தார். உறவுக்காரர்களைப் பார்த்தார். உள்ளே அவருடைய அம்மா வெள்ளைச் சீலையோடு உட்கார்ந்து மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லச்சாமியின் உதடு அசைந்தது.

"அங்கம்மா அடுப்பு..." என்றார், தொண்டைக்குள்ளேயே.

"பெரியவருக்குக் காது கேக்காது தலைவரே," என்றாள் அங்கம்மா. "சத்தமாச் சொல்லுங்க."

பதுளை மாமன் தலையை ஆட்டினார். "ஆமாப்பா, அப்பனுக்குக் காது மந்தம். நல்லாக் கத்திச் சொல்லு."

செல்லச்சாமி கண்ணை மூடிக்கொண்டார். "அங்கம்மா அடுப்புச் சோறு வந்திருச்சு!" மலையில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. கத்தி முடித்ததும் அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்பனை நினைத்தா, வீட்டை நினைத்தா, அவருக்கே வெளிச்சம்.

அங்கம்மா குனிந்து பானையைத் தூக்கிக்கொண்டு படியைத் தாண்டினாள். இலை விழுந்தது. அவளே பரிமாறினாள். செல்லச்சாமியின் இலைக்கு வந்தபோது அவர் நிமிராமலே, "இப்பத் திருப்திதானே?" என்றார்.

"சோத்துக்கு நடுவுல குழி பண்ணுங்க, ரசம் ஓடுது," என்றாள் அவள். அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

எல்லாரும் கை கழுவிய பிறகு அனீஸா புறப்பட்டாள். வாசலில் அங்கம்மா வெறும் பானையோடு நின்றாள்.

"நாளைக் கழிச்சு ஆபிசுக்கு வாறேன் புள்ள. கருமாதி முடியட்டும், இந்த மனுசனையும் இழுத்துக்கிட்டு வாறேன். அவர் வாயால ஒரு சொல்லு வேணும்னு சொன்னீங்களே."

அனீஸா காலுறையைச் சரிசெய்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள். "ஏன் அக்கா அவரப் போட்டு இழுக்கிறீங்க? அவர்தான் சொல்லிட்டாரே. அவர்ட வாப்பாவுக்கே கேட்டிருக்கும், எனக்குக் கேட்காதா?"

அங்கம்மா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் காம்பராவுக்கு நடந்தாள். அடுப்பில் தணல் இன்னும் இருந்தது. இரண்டு மிலாறை ஒடித்துப் போட்டு, ஊதி எரியவைத்து, சாயத்தண்ணிக்குக் கேத்தலை ஏற்றினாள்.